ஆறு மில்லிமீற்றர்

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். துப்பியதைப் பார்க்காமல் குழாயைத் திறந்துவிட்டேன். பல் துலக்கும்போது இரத்தம் வருவது ஒரு பெரிய விஷயமாகவே எனக்குப் படவில்லை. புது பிரஷ் முரடு, காலையில் அவசரம், இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு உடம்பில் எதுதான் பழையபடி இருக்கிறது என்று ஏதாவதொரு சாட்டு அகப்பட்டுக்கொண்டே இருந்தது. இரத்தம் வரும் இடத்தைப் பாவம் பார்த்து பிரஷை மெதுவாகத் தடவினேன். பிறகு அந்த இடத்தை அடியோடு விட்டுவிட்டேன். இரண்டு வருடம் இப்படியே போனது.

ஒரு நாள் என் சின்ன மகள் முத்தம் தர ஓடி வந்தவள், கிட்ட வந்ததும் மூக்கைச் சுருக்கி, முகத்தைத் திருப்பி, காதுப் பக்கமாக ஒன்றைக் கொடுத்துவிட்டு ஓடிப் போனாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மறைக்கத் தெரியாது. அவள் முகத்தைத் திருப்பிய விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, ஏனென்றால் அதை நானே ஒரு காலத்தில் என் அப்பாவுக்குச் செய்திருக்கிறேன். அடுத்த நாளே பல் வைத்தியரிடம் நேரம் எடுத்தேன்.

நான் சுவிஸில், ஓல்டன் நகரத்தில், சரக்கு லொறிகள் எந்தப் பாதையால் போவது என்று திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை செய்கிறேன். வேலைத்தலத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அந்தப் பல் வைத்தியசாலை. என்னைப் பார்த்தது வைத்தியர் அல்ல, பல்லையும் ஈறையும் சுத்தம் செய்வதையே படித்த ஒரு பெண். கறுப்புக் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் விட்டு விட்டு எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஓர் எண்ணைச் சொன்னாள். கணினியின் முன்னால் இருந்த இன்னொரு பெண் அதைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து, ஆறு, ஆறு."

ஆறு என்று கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. சுவிஸ் பள்ளிக்கூடங்களில் ஆறுதான் ஆகக் கூடிய புள்ளி. நான்குக்குக் கீழே போனால் சித்தியில்லை. இந்த நாட்டில் பிறந்து படித்தவளுக்கு ஆறு என்ற சத்தம் காதில் விழுந்தாலே முதுகு தானாக நிமிரும். நிமிர்ந்த அதே நொடியில் இன்னொன்று உறைத்தது. இந்த எண்களை, இந்தச் சலிப்பான குரலில், இதே மாதிரி அடுக்கி நான் முன்பும் கேட்டிருக்கிறேன்.

அவள் கம்பியை வெளியில் எடுத்தபோது கேட்டேன்: "ஆறு நல்லதுதானே?"

அவள் முகக்கவசத்துக்குள் சிரித்தாள். "இது பள்ளிக்கூடப் புள்ளி இல்லை. மில்லிமீற்றர். பல்லிலிருந்து ஈறு எவ்வளவு ஆழத்துக்குப் பிரிந்துபோய் இருக்கிறது என்ற அளவு. மூன்று வரை பரவாயில்லை. அதற்கு மேலே போகப் போக, உள்ளே எலும்பு கரைகிறது என்று அர்த்தம்."

நான் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் மறுபடியும் குனிந்து எண்ணத் தொடங்கினாள். அதற்குப் பிறகு என் வாய்க்குள் அவள் அளந்த எதுவும் எனக்குக் கேட்கவில்லை. வேறொரு வாய்க்குள் அளந்ததுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நாங்கள் லாங்கன்தாலில் இருந்தோம். அப்பா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியவர். பிறகு லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்தார். அவருடைய ஜேர்மன் மொழி குசினியில் பிறந்து தொழிற்சாலையில் வளர்ந்த டொச். சூடு, கவனம், கெதியாக, முடிந்தது, நாளைக்கு. இந்தச் சொற்களுக்கு வெளியே ஏதும் நடந்தால் நான் வேண்டும். எங்கள் சனத்தின் வீடுகளில் மூத்த பிள்ளைக்கு இது யாரும் கேட்டுக் கொடுக்காத உத்தியோகம். கடிதம் வந்தால் நான். தொலைபேசி அடித்தால் நான். விசா அலுவலகத்தில் நான். பெற்றோர் சந்திப்பில் என்னைப் பற்றி ஆசிரியை சொன்ன முறைப்பாட்டைக்கூட அம்மாவுக்கு நானேதான் மொழிபெயர்த்தேன். அம்மா கேட்ட தமிழில் நான் எப்போதும் நல்ல பிள்ளை.

வீட்டுக்கு வரும் ஆட்கள் எல்லோரும், "உவளுக்கு டொச் தண்ணி பட்ட பாடு" என்பார்கள். நான் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். எனவே ஒரு சொல் எனக்கு வாயில் வரவே வராது. "விளங்கவில்லை" என்பதுதான் அது. விளங்காவிட்டால் நானே ஒன்றைப் போட்டு நிரப்புவேன். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். கெட்டிக்காரிதான், இல்லையென்று சொல்லவில்லை.

அப்பாவுக்கு அந்த வருடம் முரசில் இரத்தம் வரத் தொடங்கியது. பல்லின் ஈறுக்கு எங்கள் வீட்டுச் சொல் அது. பாணைக் கடித்தால் கடித்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு விழும். அம்மா சண்டை பிடித்து நேரம் எடுக்கச் சொன்னாள். தொலைபேசியில் நேரம் எடுத்ததும் நான்தான், அப்பாவுடன் போனதும் நான்தான். புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் ஒரு வட்டக் கதிரையில் இருந்தேன். வைத்தியர் கம்பியை விட்டு விட்டு எண்களைச் சொன்னார். நான்கு, ஐந்து, ஐந்து. ஐந்து, ஆறு, ஐந்து. ஆறு, ஆறு.

அந்த வாரம் கணக்குப் பரீட்சையில் எனக்கு நான்கரை. அப்பாவின் மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வைத்தியர் எக்ஸ்ரே படத்தை எடுத்து வரப் பக்கத்து அறைக்குப் போனார். அப்பா வாயைத் திறந்தபடியே புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டேன்.

"அப்பா, உங்களுக்குக் கன ஆறு! நாலுக்குக் கீழை ஒண்டுமே இல்லை!"

அந்த முகத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கழுத்தில் காகிதத் துண்டைக் கட்டிக்கொண்டு, உதட்டோரம் இரத்தத்தோடு, அப்பா அப்படிச் சிரித்தார். அகதி மனு இரண்டு தடவை நிராகரிக்கப்பட்ட மனிதர் அவர். இந்த நாடு அவருக்கு எழுத்திலும் பேச்சிலும் கொடுத்ததெல்லாம் 'போதாது' என்ற பதில்தான். இப்போது ஒரு சுவிஸ் வைத்தியர் ஆறு போட்டிருக்கிறார். பரீட்சைக்கு உட்காராமலே கிடைத்த ஆறு.

வைத்தியர் திரும்பி வந்து, ஒரு தாளில் பல் ஒன்றைக் கீறினார். பல்லைச் சுற்றி எலும்பு முதலில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இறங்கிவிட்டது என்று இரண்டு கோடு போட்டார். என்னைப் பார்த்துக் கதைத்தார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. பாதி வார்த்தைகள் எனக்குத் தெரியாதவை. ஆனால் எலும்பு என்ற வார்த்தை எனக்குத் தெரியும். பல் ஆடும், விழும் என்பதும் தெரிந்தது. இதை இப்போது நான் மறைக்கக் கூடாது. விளங்கியது. ஆறு எடுத்த பல் எப்படி விழும் என்பதுதான் விளங்கவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்டால் நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்பதும் வெளியே வந்துவிடும். அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம் பிள்ளை?"

"வடிவாப் பல்லு மினுக்கட்டாம். கழுவிறதுக்கு நாலு தரம் வரட்டாம்."

"ஆறு எடுத்தவனுக்கு என்னத்துக்கு நாலு தரம் கழுவல்?" என்றார் அப்பா. கடைக்காரன் தேவையில்லாத சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்ற பாவனையில் எனக்குக் கண் காட்டினார். பல்லுக்குக் காப்புறுதி கொடுக்காத நாடு இது, அதனால் அந்தச் சந்தேகம் எங்கள் ஆட்களுக்கு எப்போதும் உண்டு. வாசலில் நான்கு திகதிகள் எழுதிய ஓர் அட்டையைத் தந்தார்கள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் தொலைபேசி எடுத்து அந்த நான்கு நாளையும் வேண்டாம் என்று சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண், "அப்பாவுக்கு இது சரியாக விளங்கியதா? முக்கியமான சிகிச்சை என்று சொல்வாயா?" என்று கேட்டாள். சொல்லியாயிற்று என்றேன். என் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு வந்த வருடங்களில் அந்த ஆறு எங்கள் வீட்டில் ஒரு கதையாகிவிட்டது. பிறந்தநாள் விழாக்களில் அப்பா சொல்வார்: "சுவிஸ்காரன் எனக்கு ஆறு போட்டவன், தெரியுமோ?" மண்டபமே சிரிக்கும். வாயில் நோ ஒன்றும் இல்லை. இந்த முரசு வருத்தத்தின் கெட்ட குணம் அதுதான். நோகாது. நோகாத ஒன்றுக்கு எங்கள் ஆட்களில் யார் வைத்தியரிடம் போவார்கள்? முன் பற்கள் மெல்ல நீண்டன. இடையில் நீக்கல் விழுந்தது. வாயிலிருந்து கெட்ட மணம் வரத் தொடங்கியது. பதின்மூன்று வயதில் நான் ரயிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்காமல் எதிர்ப்பக்கம் போய் இருக்கத் தொடங்கினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வாயைக் கையால் மறைத்துக் கதைக்கப் பழகினார், பிறகு கதைப்பதையே குறைத்துக்கொண்டார்.

முதல் பல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறைச்சிக் கறியோடு கழன்று வந்தது. அப்பா அதைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேரோடு முழுப் பல்.

"பார், ஒரு ஓட்டை இல்லை" என்றார்.

"நல்ல பல்லை நாசமாக்கிப்போட்டியள்" என்று அம்மா ஏசினாள்.

அவர் மறுக்கவில்லை. "ஓம், ஆறு எடுத்த பல்லு. நான் தான் பாத்துக்கொள்ளேல்லை" என்றார். சிகரெட்டைப் பிந்தித்தான் விட்டது, வேலை இடைவேளையில் குடித்த சீனித் தேத்தண்ணி, காலையில் அரைகுறையாக மினுக்கியது என்று தன் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். அன்றிலிருந்து குளியலறையில் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் நின்று பல் மினுக்கினார். முரசு கிழியக் கிழிய மினுக்கினார். ஐம்பத்தாறு வயதில் மேல் வரிசை முழுதும் போய்க் கட்டுப்பல் வந்தது. அப்போதும் அதே பேச்சுத்தான். நானும் அதை நம்பினேன். என் பக்க நியாயமாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

எனக்கு ஓல்டனில் நான்கு தடவை சிகிச்சை நடந்தது. ஒவ்வொரு தடவையும் வாயில் கால்வாசியை விறைக்கச் செய்து, ஈறுக்குக் கீழே வேரில் படிந்து இறுகிப்போனதைச் சுரண்டி எடுத்தாள். அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. சுரண்டுவதற்கு இடையில் எனக்குப் பாடம் நடந்தது. பல்லில் படியும் கிருமியை எதிர்த்து நம் உடம்பே சண்டை பிடிக்கிறதாம். அந்தச் சண்டையில்தான் நம்முடைய எலும்பை நாமே கரைக்கிறோமாம். இரத்தம் வருவது பிரஷால் அல்ல, அங்கே வீக்கம் இருப்பதால். இரத்தம் வரும் இடத்தைத்தான் விடாமல் துலக்க வேண்டும். நான் பாவம் பார்த்தது கிருமிக்குத்தான். பல்லிடுக்குக்கு என்று குட்டிக் குட்டி பிரஷ்கள் தந்தாள், இடுக்குக்கு ஏற்ற பருமனில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம்.

"குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா? இது சில குடும்பங்களில் தொடர்ந்து வரும்."

"அப்பாவுக்கு."

"சிகிச்சை செய்தாரா?"

"நேரம் எடுத்தோம். பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்" என்றேன். 'சொல்லிவிட்டோம்' என்றுதான் சொன்னேன், 'சொன்னேன்' என்றல்ல.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தாள். மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, மூன்று, நான்கு. ஆறு எங்குமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவள் தோளைத் தட்டினாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதைச் செய்திருக்க முடியுமா என்று கேட்டேன். அப்போதும் இதே மாதிரிக் கம்பிதான், இதே சுரண்டல்தான் என்றாள். போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது, ஆனால் மிச்சம் இருப்பது நிற்கும் என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் குரல் என்னை விடவில்லை. ஓல்டன் நிலையத்தில் ஆறாம் மேடைக்கு வரும் ரயிலை அறிவித்தால் எனக்கு அந்த வைத்தியரின் குரல் கேட்கும். மூத்த மகள் கணக்கில் ஆறு எடுத்து ஓடி வந்து தாளைக் காட்டினாள். நான் நல்லது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாள். என்ன செய்ய, என்னால் அந்த எண்ணைப் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் யாராவது அப்பிளைக் கடிக்கும் சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவேன். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் லாங்கன்தாலுக்குப் போகும் ரயிலில் வசனங்களை அடுக்குவேன், வரும் ரயிலில் அவற்றை அப்படியே கொண்டு வருவேன். தன் மேல் பிழை என்று நினைத்துக்கொண்டிருக்கும் மனிதரை அப்படியே விட்டு வைப்பது எனக்கு வசதியாக இருந்தது. உண்மை அதுதான்.

அப்பா அதே பழைய வீட்டில் தனியே இருக்கிறார். அம்மா நோய்வாய்ப்பட்டு இறந்து இருபது வருடம். ஒரு ஞாயிறு பின்னேரம் அவர் மேசையில் அப்பிளை மெல்லிய மெல்லிய துண்டாகச் சீவிக்கொண்டிருந்தார். கடித்துச் சாப்பிட முடியாததால் அவர் அப்படித்தான் சாப்பிடுவார். என் சின்ன மகள் என் பைக்குள் கையை விட்டு அந்த நிற நிறமான குட்டி பிரஷ்களை எடுத்து மேசையில் அடுக்கினாள்.

"உதென்ன பிள்ளை?"

"பல்லிடுக்குக்கு அப்பா. எனக்கும் முரசு வருத்தம்."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பயந்துபோனார். "உனக்குமோ? நல்லாப் பாத்துக்கொள். என்னை மாதிரிக் கவனமில்லாமல் இராதை. எனக்கெல்லாம் அவன் ஆறு போட்டவன், நான் தான்..."

"அப்பா, ஆறு எண்டால் பழுது."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரயிலில் அடுக்கிய வசனம் ஒன்றுகூட வரவில்லை. "அது புள்ளி இல்லை, அளவு. மூண்டு தான் நல்லது. ஆறு எண்டால் எலும்பு கரைஞ்சு போச்சு எண்டு அர்த்தம். எனக்குத் தெரியேல்லை. ஆனா எலும்பு கரையுது, பல்லு விழும் எண்டு அந்த டொக்டர் சொன்னவர். அது எனக்கு விளங்கினது. நான் உங்களுக்குச் சொல்லேல்லை. நாலு தரம் வரச் சொன்னது அதுக்குத்தான். நான் தான் போன் எடுத்து வேண்டாம் எண்டனான்."

கோபப்படுவார் என்று நினைத்தேன், அதற்கு என்னைத் தயார் செய்துகொண்டும் வந்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. சீவிய அப்பிள் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் மினுக்கினனான்."

"ஓம் அப்பா."

"சிகரெட்டு?"

"அதுவும் ஒரு காரணம் தான். ஆனா அண்டைக்கு மருந்து செய்திருந்தால் கன பல்லு நிண்டிருக்கும்."

தலையை ஆட்டினார். கை வழக்கம்போல் வாயை மறைக்க எழுந்து, பாதியில் இறங்கியது. "சரி விடு. நீ சின்னப் பிள்ளை தானே" என்றார். எனக்கு மூச்சு வந்தது. இத்தனை மாதம் இதற்காகவா பயந்தேன் என்று என் மேலேயே எரிச்சல்கூட வந்தது. அவர் கத்தியை எடுத்து இன்னும் இரண்டு துண்டு சீவினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அம்மாவின்ரை டொக்டரிட்டையும் நீ தானே கூடப் போனனி."

"ஓம்."

"அவர் சொன்னது உனக்கு வடிவா விளங்கினது தானே?"

"ஓம் அப்பா. விளங்கினது."

"சரி" என்று சொல்லி ஒரு துண்டை என் பக்கம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன்.

அம்மாவோடு அந்த வைத்தியரிடம் போனபோது எனக்குப் பதினைந்து வயது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அந்த அறையில் அம்மா, நான், வைத்தியர் மட்டும்தான். அவர் நெடுநேரம் கதைத்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் நான் ஒரே மூச்சில் சொன்னேன்: "மருந்து ஏத்தினால் சுகம் வருமாம் அம்மா, பயப்பிட வேண்டாமாம்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஊருக்குப் போய்ச் சகோதரங்களைப் பார்க்க எடுத்து வைத்திருந்த டிக்கெட்டை, சுகம் வந்த பிறகு போகலாம் என்று அடுத்த வருடத்துக்கு மாற்றச் சொன்னாள். அதையும் நான்தான் தொலைபேசியில் மாற்றினேன். எட்டு மாதத்தில் போய்விட்டாள். அந்த வைத்தியர் உண்மையில் அப்படித்தான் சொன்னாரா என்பது எனக்கு ஞாபகம் இல்லை.